விளக்கு வைத்த பிறகு வாங்கிய எண்ணெய்

எங்கள் வண்டி ஒரு காலத்தில் போன வழியெல்லாம் மீன் வறுவல் வாசனை அடிக்கும். இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ஷேர் ஆட்டோக்களில் எங்களுடையது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். விரதம் இருக்கிற பெண்கள் அந்த வண்டி வந்தால் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். ஏறியவர்கள் பசியோடு இறங்குவார்கள். அந்த வண்டிக்கு எண்ணெய் காய்ச்சியவள் நான்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில், நீல பிளாஸ்டிக் டிரம்மில், ஞாயிற்றுக்கிழமைகளில்.

நான் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. கூடுவாஞ்சேரியில் ரயில் பாதைக்குப் பின்பக்கத் தெருவில் வளர்ந்தவள். எங்கள் தெரு ஆண்கள் காலையில் ரயிலேறிப் போவார்கள், சாயங்காலம் ரயிலில் திரும்பி வருவார்கள். என் அப்பா வரும் ரயிலின் சத்தம் கேட்டதும் அம்மா காபிக்குப் பால் வைப்பாள். போனவர் வருவாரா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாணமாகிப் புதுப்பட்டினம் வந்த பிறகுதான், காற்று கொஞ்சம் மாறினாலும் கரைக்குப் போய் நின்று கடலையே பார்க்கிற பெண்களைப் பார்த்தேன். என் மாமியாருக்கும் ஓரகத்திகளுக்கும் அது பழகிப்போயிருந்தது. எனக்குப் பழகவே இல்லை. நல்லவேளையாக என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே கடலை விட்டுவிட்டு ஆட்டோ வாங்கியிருந்தார். அதைப் பார்த்துத்தான் என் அப்பாவும் பெண் கொடுத்தார்.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வக உதவியாளர். டீச்சர் இல்லை. சோதனைக் குழாய் கழுவுவது, அமிலத்தை அளந்து வைப்பது, பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது, இதுதான் வேலை. ஆனாலும் அவர் என்னை "டீச்சரு" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். அப்புறம் அதுவே என் பெயராகிவிட்டது.

ஊரடங்கு முடிந்து வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்த சமயம் அது. பயணிகள் பாதியாகிப் போயிருந்தார்கள், டீசல் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் பங்கிலிருந்து வரும் நாட்களில் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற விதத்திலேயே விலை மறுபடி ஏறியது தெரிந்துவிடும். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பெரிப்பா பையன் போன் பண்ணான். அரபு நாட்ல மீன் புடிக்கற லாஞ்சுக்கு ஆள் எடுக்கறாங்களாம். ரெண்டு வருசம். பாஸ்போர்ட்டு எடுத்து வெய்யின்றான்."

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவர் ரசம் கேட்டிருக்கவில்லை.

"எடுங்க" என்றேன்.

என் லட்சணம் அது. கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் திறக்காது. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போது வண்டிக்கு யார் டீசல் ஊற்றுவார்கள் என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலில் பதிலைத் தயார் செய்துகொள்வோம், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் வந்தது. அதை வாங்கி பீரோவில் என் முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொரு முறை பீரோவைத் திறக்கும்போதும் அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கிற வரைக்கும் அவரும் இங்கேதான் இருப்பார்.

பொரித்த எண்ணெயிலிருந்து டீசல் வண்டிக்கு எரிபொருள் செய்யலாம் என்று நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடு செய்து, காஸ்டிக் சோடாவை மெத்தனாலில் கரைத்து அதில் ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கி வைத்தால் கீழே கறுப்பாகக் கிளிசரின் இறங்கிவிடும், மேலே தெளிந்து நிற்பதுதான் வண்டிக்கு. பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் எண்ணெயும் சுத்தம், எழுதுகிறவளும் சுத்தம்.

மெத்தனால்தான் கஷ்டம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். கள்ளச்சாராயத்தில் அதைக் கலந்து ஆட்கள் செத்த ஜில்லா இது. எவரும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். கூடுவாஞ்சேரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி, லைசென்ஸ் வைத்து ரசாயனக் கடை நடத்துகிறாள். எதற்கு, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த பிறகுதான் கேனைக் கண்ணில் காட்டினாள். "வூட்ல குடிக்கற ஆளுங்க யாராவது கீறாங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். இல்லை என்றேன். அப்படியும் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேனைப் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள் வைத்துச் சாவியைத் தாலிக்கொடியோடு மாட்டிக்கொண்டேன்.

எண்ணெய்க்கு மாமல்லபுரம் கடற்கரையில் ஓர் அக்கா. மீன் வறுவல், மிளகாய் பஜ்ஜி கடை. நான்கு மூங்கில், மேலே நீலத் தார்ப்பாய், எதிரே கடல். சாயங்காலம் நாலு மணிக்கு வடைச்சட்டியை அடுப்பில் ஏற்றினால் கூட்டம் கலைகிற வரைக்கும் இறக்க மாட்டாள். அவளுடைய சரக்குக் கூடைகளை என் வீட்டுக்காரர்தான் வண்டியில் ஏற்றிப் போவார், அந்தப் பழக்கம். தினமும் மிஞ்சுகிற எண்ணெயை மணலில் பள்ளம் தோண்டி ஊற்றிக்கொண்டிருந்தவள், எங்களுக்குத் தருகிறேன் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. விளக்கு வைத்த பிறகு எண்ணெய் தர மாட்டாள்.

கடையில் மரப்பலகை ஒன்றில் அம்மன் படமும் ஒரு அகல் விளக்கும் உண்டு. கடல் காற்றில் நிற்க வேண்டுமே, அதற்காக ஒரு பிஸ்கட் டின்னைப் பக்கவாட்டில் வெட்டி அதற்குள் விளக்கை வைத்திருப்பாள். ஆறு மணிக்கு ஏற்றினால் ஏற்றியதுதான். அதற்குப் பிறகு ஊசி, உப்பு, எண்ணெய் மூன்றும் அந்தக் கடையை விட்டுக் கைமாறாது. செவ்வாய், வெள்ளி என்றால் பகலிலும் கிடையாது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான், நான் அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே மற்ற நாட்களில் காலையில் அவர் சவாரி போகும்போது கேனில் வாங்கி வருவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் டிரம்மை வைத்தோம். கிளறுவதற்கு அவர் எங்கிருந்தோ ஒரு உடைந்த துடுப்பைக் கொண்டுவந்தார். கடலை விட்டவர் துடுப்பை விடவில்லை போலிருக்கிறது. எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டி, சூடாக்கி, நான் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு காஸ்டிக் கரைசலை ஊற்ற, அவர் துடுப்பைப் போட்டார். ஊற்றிய இடமெல்லாம் செக்கச் செவேலென்று ஆனது.

"இன்னா டீச்சரு, ஆலம் கரைச்ச மாதிரி கீது?" என்றார்.

"மிளகாய்த்தூள். பேசாம கிளறுங்க" என்றேன்.

கிளறினார். கொஞ்ச நேரத்தில் துடுப்பு நகரவில்லை. நான் படித்த புத்தகத்தின்படி மேலே தங்க நிறத்திலும் கீழே கறுப்பாகவும் பிரிய வேண்டும். எங்கள் டிரம்மில் பிரியவில்லை, உறைந்தது. மறுநாள் காலை விரலால் குத்திப் பார்த்தேன், நுரைத்தது. சோப்பு! காஸ்டிக்கில் தண்ணீர் பட்ட எண்ணெய் சோப்பாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? எந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

அவர் அதைக் கத்தியால் வெட்டித் தெருவுக்கே பங்கு போட்டார். பாத்திரம் தேய்க்க அருமையான சோப்பு என்று எல்லோரும் பாராட்டினார்கள். கடை அக்கா தன் வடைச்சட்டியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதயே போட்டுகினு வா, டீசலு கீசலு எதுக்கு?" என்று சொல்லியனுப்பினாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அதைக் கோபமாக மாற்றி அவர் மேல் கொட்டினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை.

இரண்டாம் தடவை, தண்ணீர் இருந்தால் கொதித்து ஆவியாகப் போகட்டும் என்று எண்ணெயை நன்றாகக் காய வைத்தேன். அடியில் தங்கியிருந்த தண்ணீர் திடீரென்று பொங்கி வெடித்தது. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றவர் அவர்தான். முழங்கைக்குக் கீழே எண்ணெய் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"காய்ச்சறது இத்தோட போதும். உனுக்கு எதனா ஆயிட்டா பேஜாரு. அடுத்த மாசம் லாஞ்சு கெளம்புது. செங்கல்பட்டு ஏஜெண்டு பாஸ்போர்ட்ட எடுத்துகினு வரச் சொல்லிக்கீறான்."

அன்றைக்கும் நான் "சரி" என்றேன்.

கையில் கட்டோடு அவரால் ஒரு வாரம் வண்டி ஓட்ட முடியவில்லை. செங்கல்பட்டு போக வேண்டியதற்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மஞ்சள் தாள் வெட்டிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் செய்வதுதான். தாளை மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்துத் துண்டு துண்டாக வெட்டித் தருவேன். பிள்ளைகள் அதன் மேல் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும். மஞ்சளோடு காரம் சேர்ந்தால் சிவக்கும் என்பது பாடம். ஒரு பையன் தாளில் சொட்டு விட்டான், சிவந்தது. என் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது. ஆலம் கரைச்ச மாதிரி கீது என்றாரே. ஆலம் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்திதானே? டிரம்மில் மஞ்சள் இருந்திருக்கிறது. காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த வேகத்தில் கேட்டேன்: "அந்த அக்கா மீன் மசாலாவுக்கு மஞ்சள் போடுமா?"

"மஞ்சளா? அது போடாதே. மிளகாத்தூளு, பூண்டு, உப்பு, அவ்ளோதான்."

"அப்ப எண்ணெயில மஞ்சள் எப்படி வந்திச்சி?"

"காலைல கேன குடுக்கறதுக்கு முன்ன மஞ்சத்தண்ணி தெளிக்கும். கேனுக்குள்ளயும் நாலு தெளி தெளிக்கும். அதச் சொல்றியா?"

"தெளிக்குமா? எத்தனை நாளா?"

"மொத நாள்லேந்து."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே."

நான் அன்றைக்குப் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. சத்தம் போட்டு முடிந்ததும் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். காலிக் கேனை எடுத்தேன். எங்கே என்று கேட்டார். பதில் சொல்லாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அப்போதுதான் விளக்கை ஏற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வடைச்சட்டியில் ஒரு ஈடு மீன் வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குண்டான் நிறைய, முதல் ஈடுகள் போட்டு இறக்கிய எண்ணெய். தண்ணீர் படாதது, சூடு ஆறாதது. எனக்கு வேண்டியது அதுதான்.

"அக்கா, அந்த எண்ணெய் வேணும்."

"இன்னாமே நீ? விளக்கு வெச்சாச்சி. காலைல வா."

"காலைல நீங்க மஞ்சத்தண்ணி தெளிச்சிடுவீங்க."

"தெளிக்காம எப்டி குடுப்பேன்? எத்தினி பேரு கண்ணு இந்தச் சட்டி மேல! துன்னவன் கண்ணு, துன்னாம பாத்துகினே போனவன் கண்ணு. அத்தயெல்லாம் கேன்ல ஊத்தி உன் வூட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"

எங்களுக்குக் கண்ணேறு வந்துவிடக் கூடாதென்றுதான் இத்தனை நாளும் தெளித்திருக்கிறாள். சோப்பும், அவர் கைக்காயமும் அந்தப் பாசத்தில் வந்தவை. யார்மேல் கோபப்படுவது?

"காசு குடுத்து வாங்கிக்கறேன். வித்ததா இருக்கட்டும்" என்றேன்.

"கீழ ஊத்தற எண்ணெய்க்குக் காசு வாங்கினா அது அத வுடப் பெரிய பாவம்மே."

அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. மீன் வாங்க நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேனைக் கீழே வைத்தேன். அவரிடம் ஒரு மாதமாகச் சொல்லாததை அந்த மணலில் நின்று அவளிடம் சொன்னேன்.

"நாளைக்கு செங்கல்பட்டுல பாஸ்போர்ட்டக் குடுக்கப் போறாரு அக்கா. அரபு நாட்டுக்கு, லாஞ்சுல. இந்த எண்ணெய் இன்னிக்குச் சரியா வந்தா காட்டி நிறுத்திடுவேன். வரலன்னா போயிடுவாரு. எனக்குக் கரையில நின்னு பாக்கத் தெரியாது அக்கா. நான் அப்படி வளரல."

அக்கா கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"போவாதன்னு அவன் கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"வாயி இல்ல உனுக்கு?"

அவள் அடுப்பைத் தணித்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனாள். கொண்டையிலிருந்து ஒரு முல்லைப் பூவைக் கிள்ளி எடுத்தாள். பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டுப் பூவால் திரியை எண்ணெயில் அமுக்கினாள். வாயால் ஊதக் கூடாதல்லவா? விளக்கு குளிர்ந்தது. படத்தைப் பார்த்து, "தாயே, கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இன்னும் விளக்கு வெக்கல. சீக்கிரம் புடி."

குண்டானைச் சாய்த்துக் கேனில் ஊற்றினாள். நாலு காய்ந்த மிளகாயை எடுத்து, என் தலையை மூன்று முறை சுற்றி, கேனையும் மூன்று முறை சுற்றி, அடுப்பில் போட்டாள். கடை முன்னால் நின்ற அத்தனை பேரும் இருமினார்கள். "பாத்தியா, எவ்ளோ கண்ணு!" என்றாள். நான் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தபோது மறுபடி தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தாள். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதில் பற்றிக்கொண்டது.

பஸ்ஸில் அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடு புடவையைத் தாண்டித் தொடையில் சுட்டது. அதை இறக்கி வைக்க மனமில்லை. வீட்டில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுப் போடாத கையால் துடுப்பைப் பிடித்துக் கிளறினார். கரைசலை ஊற்றினேன். சிவக்கவில்லை. டிரம்மைச் சூடு போகாமல் தெர்மாகோல் மீன் பெட்டிகளால் சுற்றி அணைத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் அவர்தான் முதலில் போய்ப் பார்த்திருக்கிறார். "டீச்சரு, வா" என்ற சத்தம் கேட்டு ஓடினேன். கண்ணாடிச் சீசாவில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்திருந்தார். கீழே இரண்டு விரற்கடை கறுப்பு. மேலே நல்லெண்ணெய் மாதிரித் தெளிந்து நின்றது. அதன் வழியாக எதிர்வீட்டு முருங்கை மரம் தெரிந்தது.

"செங்கல்பட்டு போகணுமே?" என்றேன்.

"இன்னிக்குப் போவல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏஜெண்டைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. என் எண்ணெய் அவரை நிறுத்திவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். பல நாள் அந்தப் பெருமையில் நடந்தேன்.

கழுவி, தெளியவிட்டு, பாதிக்குப் பாதி டீசலோடு கலந்து வண்டிக்கு ஊற்றினோம். மெக்கானிக் பில்டரைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாத்த, இன்னா வண்டில பஜ்ஜி போடற?" என்றான். மூன்று வருஷம் ஓடியது. அக்காவும் ஒரு வழி கண்டுபிடித்தாள். விளக்கு வைப்பதற்கு முன்பே ஒரு குண்டான் எண்ணெயை இறக்கி மூடி, மிளகாய் சுற்றி வைத்துவிடுவாள். செவ்வாய், வெள்ளி மட்டும் அம்மனுக்கு. மார்கழியில் எண்ணெய் லேசாக உறையும், கேனை மீன் பெட்டிக்குள் வைத்து மூடி, வெயில் ஏறியதும் எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் கொல்லையிலும் அடுப்பு மூட்டுவோம். அவர் துடுப்பைப் போட்டபடி கடலில் இருந்த காலத்துக் கதைகளைச் சொல்வார். எந்தக் கதையிலும் யாரும் திரும்பி வராமல் போக மாட்டார்கள். எனக்காக அப்படி மாற்றிச் சொல்கிறார் என்று தெரியும். தெரிந்தே கேட்பேன். அந்த ஞாயிறுகளைப் போல வேறு எதற்கும் எனக்கு இப்போது ஏக்கமில்லை.

பிறகு வண்டி கிழடாகி, பம்பு போய், காயலான் கடைக்குப் போனது. இப்போது ஓடுவது பேட்டரி ஆட்டோ. ராத்திரி பிளக்கில் மாட்டினால் காலையில் ஓடுகிறது. சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. அவர் போனைப் பார்க்கிறார், நான் துணி மடிக்கிறேன்.

இந்த வருஷம் போகிக்கு பீரோவை ஒழித்துச் சுத்தம் செய்தேன். முகூர்த்தப் புடவைக்கு அடியில் பாஸ்போர்ட். போட்டோவில் அவர் போலீசுக்குப் பயந்தவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். பக்கங்களைப் புரட்டினேன், ஒரு முத்திரைகூட இல்லை. அவர் ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் காலையில மட்டும் எண்ணெய் தெளியாம இருந்திருந்தா, இதுல முத்திரை குத்தியிருப்பாங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எங்க குத்தறது? அத்துக்கு முந்தின சாயங்காலமே ஏஜெண்டுக்குப் போன் போட்டு வர்லன்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

"நீ கேன தூக்கினு பஸ்சுக்கு ஓடின இல்ல? அப்பதான். நீ ஓடறதப் பாத்துகினே இருந்தேன். இவள வுட்டுட்டு அங்க போயி இன்னா பண்ணப் போறோம்னு தோணிச்சி."

நான் பாஸ்போர்ட்டைக் கட்டில்மேல் போட்டேன். "யோவ்! அப்ப ஏன் சொல்லல? அந்த அக்கா ஏத்தின விளக்க அணைச்சிக் குடுத்தாங்கய்யா! நான் அவ்ளோ பேரு நடுவுல மானத்த வுட்டு நின்னேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நீ அன்னிக்குக் காச்சியிருப்பியா?"

காய்ச்சியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரிந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். அரைமணி நேரம் கழித்து, அவர் ஸ்டூலை மடக்கிச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில், எண்ணெய் பட்ட இடத்தில், தோல் இன்னமும் வெளுத்துத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததும் இத்தனை வருஷம் வராதது வாயில் வந்தது.

"போகாதீங்கன்னு அன்னிக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். எனக்கு வாய் வரல."

அவர் சிரித்தார். சோப்பு வெட்டிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"அதத்தான் மூணு வருசம் ட்ரம்மு ட்ரம்மா காச்சி சொல்லிகினு இருந்தியே, டீச்சரு."